கதவைத் தட்டக் கற்றுக்கொடுப்பவர்

"வெளியே போ. கதவைச் சாத்து. மறுபடி தட்டிட்டு உள்ளே வா" என்கிறார் வில்மா டெக்கர். எதிரே நிற்பவன் முப்பது வயதைத் தாண்டியவன். கதவைத் திறக்கத் தெரியாதவன் அல்ல. ஆனாலும் போகிறான், தட்டுகிறான், வருகிறான். வில்மா உதட்டைச் சுழிக்கிறார். கண் தரையில் இருந்ததாம். மறுபடி வெளியே. இந்த முறை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வருகிறான். "பற்பசை விளம்பரத்துக்கா வந்திருக்கே?" மறுபடி வெளியே. நாலைந்து தடவை ஆனதும் அவனுக்கு எரிச்சல் வந்துவிடும். எரிச்சலில் எல்லாவற்றையும் மறந்து சாதாரண மனிதனாக உள்ளே நுழைவான். "ம், இதுதான் நீ. உக்காரு" என்பார் வில்மா.

இதெல்லாம் நடக்கும்போது மூலை நாற்காலியில் நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அயோவாவில் எங்கள் பல்கலைக்கழகத்து ஆங்கிலத் துறையில், மூன்றாம் மாடியின் கடைசி அறை வில்மாவுடையது. அதற்கு அடுத்தது என்னுடையது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறவன் நான். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. வில்மா பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிதங்களைப் பாடம் நடத்துகிறவர். ஆனால் இந்தக் கட்டடத்தில் அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் வேறு காரியத்துக்காகத்தான் தெரிந்தவர். முனைவர் பட்டத்தை முடிக்கப்போகிறவர்களை வாத்தியார் வேலைக்குத் தயார் செய்து அனுப்புவது அவர் பொறுப்பு. யாரும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு துறைக் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தபோது வில்மா மட்டும் நிமிர்ந்திருந்தாராம். அப்படி வந்து சேர்ந்தது.

இங்கே அந்த வேலை தேடலுக்குச் சந்தை என்றே பெயர். "இந்த வருஷம் சந்தைக்குப் போறியா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன், சந்தை எனக்குப் புதிதல்ல. அங்கே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே பல்லை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் போகும். கடைசியில் மூன்று பேரைக் கல்லூரிக்கே வரவழைத்து, இரண்டு நாள் வைத்திருந்து, பேசச் சொல்லி, பாடம் நடத்தச் சொல்லி, ஊட்டி, உலாத்தி, அதில் ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். மற்ற இருவருக்கும் தகவல்கூடச் சொல்லமாட்டார்கள். போன் வராததே தகவல்.

வில்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. குட்டையான உருவம். பனிக்காலம் முழுக்க ரப்பர் பூட்ஸோடுதான் வகுப்பும் எடுப்பார். மேஜைமேல் கோழி வடிவத்தில் ஒரு சமையலறைக் கடிகாரம் இருக்கிறது, முட்டை வேகவைக்க வைத்துக்கொள்வார்களே, அது. உன் ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டுவிட்டுக் கோழியின் கழுத்தைத் திருகி வைப்பார். இரண்டு நிமிடம். ஏழு வருடம் எழுதியதை இரண்டு நிமிடத்தில் சொல்லவேண்டும். கோழி கத்தும்போது பாதி வாக்கியத்தில் இருந்தால், "முட்டை கல்லாயிடுச்சு, முதல்லருந்து சொல்லு" என்பார்.

என் வேலை அதற்கப்புறம். எல்லாத் தேர்வுக் குழுவிலும் ஒரு சிடுமூஞ்சி இருப்பாராம். அந்த வேடத்துக்கு வில்மா என்னைப் பிடித்துக்கொண்டார். என் முழுப் பெயர் நல்லசிவம் என்று தெரிந்தும்தான். "உங்க மூஞ்சி சும்மா இருக்கும்போதே பயமா இருக்கு, சிவம். நீங்க நடிக்கக்கூட வேணாம்" என்றார். இதையெல்லாம் இன்று யார் படிக்கிறார்கள், உங்கள் ஆய்வினால் யாருக்கு என்ன லாபம் என்று நான் அலுப்போடு கேட்பேன். சிலர் வெளிறிப்போவார்கள். ஒரு பெண் அழுதுவிட்டாள். அன்று வில்மா அவளுக்குத் தேநீர் போட்டுக்கொடுத்து, எனக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டார். சொன்னபடி செய்ததற்கு அதுதான் கூலி.

ஒரு மாலை அவர்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைப்பார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டும். தக்காளிக் குழம்பு வழிகிற ஸ்பகெட்டியை முன்னால் வைத்து, நாலு பக்கமிருந்தும் நாங்கள் கேள்வி கேட்போம். ஒரு வாய் எடுத்துப் போடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். கல்லூரிக்காரர்கள் அழைத்துப் போகிற விருந்தும் நேர்காணல்தான் என்பது அப்போதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு உறைக்கும். சட்டையில் கறையோடும் வயிற்றில் பசியோடும் எழுந்திருப்பார்கள். பிறகு வில்மா அடுக்களையில் நிற்க வைத்து மிளகாய்ச் சூப்பும் இலவங்கப்பட்டை பன்னும் கொடுப்பார். இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மத்தியானம் கொடுக்கிற சாப்பாடு. அதைத் தின்னும்போதுதான் அவர்கள் முகத்தில் உயிர் வரும்.

நேர்காணலுக்குக் கிளம்புகிற அன்று ஆளுக்கொரு நிலக்கடலை வெண்ணெய் சாண்ட்விச்சைத் தகட்டுத்தாளில் சுற்றிக் கொடுப்பார். "ரெண்டு நாளும் பேசிப் பேசியே பட்டினியாக் கெடப்பே. கழிவறைக்குப் போயி தாழ்ப்பாள் போட்டுட்டுத் தின்னு. நாங்க எல்லாரும் அப்படித் தின்னவங்கதான்." அதிர்ஷ்டம் என்ற சொல்லை மட்டும் அவர் அறையில் யாரும் சொல்லக்கூடாது.

வேலை கிடைக்காமல் திரும்புகிறவர்களுக்கு அவரிடம் ஒரு பேச்சு இருக்கிறது. "இது உன்னப் பத்தின தீர்ப்பு இல்ல, கண்ணு. சந்தையப் பத்தின சேதி" என்று ஆரம்பிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம். எங்கே இருமுவார் என்றுகூடத் தெரியும். அப்போதெல்லாம் அதில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்ததில்லை.

கதவு விஷயத்துக்குக் காரணம் ஒருநாள் சொன்னார். அவர் வேலை தேடிய காலத்தில் நேர்காணல்கள் பெருநகரத்து ஓட்டல் அறைகளில் நடந்தன. கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், வெளியே கொட்டுகிற பனி. நாற்காலிகளெல்லாம் பேராசிரியர்களுக்கு, வந்தவருக்குக் கட்டிலின் விளிம்பு. இளம்பெண் வில்மா உள்ளே போய்க் கை நீட்டியபோது கக்கத்திலிருந்த கோப்பு நழுவிக் காகிதமெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மண்டியிட்டுப் பொறுக்கினார்.

"அஞ்சு ஆம்பளைங்க. ஒருத்தரும் எந்திரிக்கல, சிவம். பாத்துக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் நான் பேசினதெல்லாம் கட்டிலுக்கு அடியில இருந்து பேசின மாதிரிதான் இருந்துச்சு. ஒருத்தர், ஒரே ஒருத்தர், போயிட்டு மறுபடி வாம்மானு சொல்லியிருந்தா போதும்" என்றார். அவருக்கு அதற்குப் பிறகு இங்கே நல்ல வேலை கிடைத்தது. இருந்தும் அதைச் சொல்லும்போது கோழியின் கழுத்தைச் சும்மா திருகிக்கொண்டே இருந்தார். எனக்கு வேறு பக்கம் பார்க்கவேண்டியிருந்தது.

இந்தக் குளிர்காலம் வந்தது ஒரு சோதனை. மினசோட்டாவில் ஒரு சிறிய கல்லூரி, ஒரே ஒரு வேலை. கடைசி மூன்று பேரில் இரண்டு பேர் எங்கள் பிள்ளைகள். கோரா பெல்லமி ஒருத்தி, எலியட் ஸ்டாட்லர் மற்றவன். ஒரு துறைக்கு இதைவிடப் பெருமை கிடையாது என்று தலைவர் மின்னஞ்சல் அனுப்பினார். வில்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

இருவருக்கும் நிலவறையில் ஒரே அறை, முதுகுக்கு முதுகாக மேஜைகள். ஆறு வருடமாக ஒரே காப்பி இயந்திரத்தில் குடித்தவர்கள். சேதி வந்த நாள் முதல் அவர்கள் பனியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள். பேச முடியாத விஷயம் குறுக்கே நிற்கும்போது அயோவாக்காரர்களுக்குப் பனி நன்றாக உதவும்.

கோரா போன வருடம் வெறுங்கையோடு திரும்பியவள். ஆனால் அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. எலியட்டுக்கு இதுதான் கடைசி. மே மாதத்தோடு துறை கொடுக்கும் சம்பளமும் அதோடு ஒட்டிய மருத்துவக் காப்பீடும் நின்றுவிடும். அவன் மனைவி டெல்லாவுக்கு ஜூனில் குழந்தை. எலியட் மெதுவாகப் பேசுகிறவன், யோசித்துப் பேசுகிறவன். கோழிக் கடிகாரம் அவனிடம்தான் அதிகம் கத்தியிருக்கிறது. ஆனால் வகுப்பில் ஒரு பையன் அரைகுறையாகச் சொன்னதை எடுத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பையனுக்கே காட்டுகிற வித்தை அவனுக்குக் கைவந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அவன்மேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அந்தச் சாய்வில்தான் வில்மாவிடம் சொன்னேன், எலியட்டுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன, தேவை அவனுக்குத்தானே அதிகம் என்று. அவர் கோபப்படவில்லை.

"தராசப் பிடிச்சவ ஒரு தட்டுல விரல வைக்கக்கூடாது, சிவம். வச்சுட்டா அப்புறம் நான் யாரையும் அனுப்ப முடியாது."

அப்படியே செய்தார். செவ்வாய்க்கிழமை கோரா, வியாழக்கிழமை எலியட். இவளைப் பற்றி அவனிடமோ அவனைப் பற்றி இவளிடமோ மூச்சு விடவில்லை. நான்கூட இருவரிடமும் ஒரே அளவுக்கு எரிந்து விழவேண்டும் என்று கட்டளை. கோராவை நாலு முறை வெளியே அனுப்பினால் எலியட்டையும் நாலு முறை. ஒருவருக்குக் கொடுத்த யோசனை மற்றவருக்கும் போய்ச் சேர்ந்தது. சாண்ட்விச் கூட ஒரே கடை ரொட்டி.

வில்மாவின் பையில் ஒரு கேள்வி உண்டு. நேர்காணல் முடிகிற நேரத்தில் குழுவினர், எங்களிடம் நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்பார்கள். பலர் அங்கே திணறிப்போய் நூலகத்தைப் பற்றிக் கேட்டு வைப்பார்கள். வில்மா சொல்லிக்கொடுப்பது வேறு. "இந்த வருஷம் உங்க வகுப்புல உங்களையே அசர வச்ச பிள்ளை யாருன்னு கேளு. கேட்டுட்டுச் சும்மா இரு." அதற்கப்புறம் பேராசிரியர்கள் நேரம் போவது தெரியாமல் பேசுவார்களாம். சிடுமூஞ்சி முதலில் பேசுவாராம். வருடக்கணக்காக ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஊரில் போய்க் கேட்ட கேள்வி. எங்கும் பழுது வந்ததில்லை, ஏனென்றால் ஒரு ஊரில் ஒருவர்தான் கேட்டார்கள்.

முதல் வாரம் கோரா போனாள். அடுத்த வாரம் எலியட் போனான். திரும்பி வந்தவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பனி அதிகம் என்றான்.

பிப்ரவரி முடியும்போது ஒரு பிற்பகல், வில்மாவும் நானும் அவர் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கோரா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். வில்மா அவளை வெளியே அனுப்பவில்லை, முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். வேலை அவளுக்கு. அரை மணிக்கு முன்னால் போன் வந்ததாம். இருவரும் கட்டிக்கொண்டார்கள். எனக்கும் கண் நிறைந்தது, சாய்வு வேறு பக்கம் இருந்தாலும். ஒரு வருடம் முன்பு அதே அறையில் அவள் உடைந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தக் கல்லூரித் துறைத் தலைவர் போனில் வெகுநேரம் பேசினாராம். கடைசிக் கேள்வி அவர்கள் எல்லோர் மனதையும் தொட்டுவிட்டதாம். சொல்லக்கூடாத ஒன்றையும் அவர் சொல்லியிருக்கிறார். சந்தோஷத்தில் மனிதர்களுக்கு நாக்கு நீண்டுவிடும்.

"அடுத்த வாரம் எலியட்டும் அதே கேள்வியக் கேட்டானாம். ஒரு நிமிஷம் யாரும் பேசலையாம். அப்புறம் ஒரு பெரியவர், உங்க ஊர்ல இதத் தடுப்பூசி மாதிரி எல்லாருக்கும் போட்டு அனுப்புவாங்களானு கேட்டாராம். எல்லாரும் சிரிச்..." என்று சிரித்துக்கொண்டே வந்தவள் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாள். தான் சொல்வது என்ன என்று அப்போதுதான் அவள் காதிலும் விழுந்தது.

"அவன் என்ன செஞ்சானாம்?" என்று வில்மா கேட்டார்.

"அவனும் சிரிச்சானாம்."

அவள் போன பிறகு வில்மா உட்கார்ந்தார். காப்பி ஆறிப்போயிற்று. அன்று ராத்திரி எலியட்டுக்குக் கொடுத்த விருந்திலும் யாரோ அந்தத் தடுப்பூசியைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பையன் மனதாரச் சொன்ன ஒவ்வொன்றையும் ஒப்பிக்கிறான் என்றே கேட்டிருப்பார்கள். யோசித்துப் பேசுகிறவனை ஒத்திகை பார்த்தவன் என்று நினைப்பது எவ்வளவு எளிது.

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவுன்னு பெருமையா இருந்தேன். ஒரே சட்டைய ரெண்டு பேருக்கும் மாட்டி ஒரே வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்" என்றார்.

வேலை போனதற்கு அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றேன். குழுக்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். கோரா உண்மையாகவே கெட்டிக்காரி.

"காரணம் அதானா இல்லையான்னு யாருக்கும் தெரியப்போறதில்ல. அதான் கொடுமை. அவன் ஆயுசுக்கும் அந்தச் சிரிப்பையே நெனச்சுக்கிட்டு இருப்பான்." பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டார். "வாங்க சிவம். என்னால அந்தப் படியில தனியா எறங்க முடியாது."

அவருக்கு முழங்கால் சரியில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். இத்தனை வருடத்தில் வில்மா நிலவறைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள்தான் மேலே வருவார்கள், தட்டுவார்கள், வெளியே போய் மறுபடி வருவார்கள். அடியில் வெந்நீர்க் குழாய்கள் முனகிக்கொண்டிருந்தன. எலியட்டின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வில்மா தட்டாமல் உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன்.

எலியட் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தான். சேதி அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது பார்த்த உடனே தெரிந்தது. பின்னால் கோராவின் நாற்காலி காலியாக இருந்தது. வில்மாவைக் கண்டதும் எழுந்தான். தோள் நிமிர்ந்தது. கண் தரைக்குப் போகவில்லை. சிரிப்பு அளவாக இருந்தது, கை சரியான உயரத்தில் நீண்டது. "வாங்க வில்மா, உங்களப் பாத்ததுல சந்தோஷம்" என்றான். மாடியில் எத்தனையோ முறை வெளியே போய் உள்ளே வந்து கற்றுக்கொண்டதெல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் அங்கே நின்றது. நாங்கள் செய்து வைத்த அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வில்மா அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இது உன்னப் பத்தின தீர்ப்பு இல்ல, கண்ணு. சந்தையப் பத்தின..."

இருமல் வரவேண்டிய இடம் அது. இருமல் வரவில்லை. எலியட் தலையை லேசாகச் சாய்த்து, ஒரு குழுவின் தலைவர் பேசும்போது எப்படிக் கேட்கவேண்டுமோ அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தான். வில்மா அவன் முகத்தையே பார்த்தார். பிறகு கையை விட்டார், திரும்பினார், என்னைத் தாண்டி வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

போய்விடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தோளைக் கொடுக்க நெருங்கினேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாத்திய கதவைப் பார்த்தபடி, குட்டையான அந்த உருவம் சற்று நேரம் நின்றது. பிறகு கையை உயர்த்தி இரண்டு முறை தட்டிவிட்டு, உள்ளேயிருந்து குரல் வரட்டும் என்று காத்திருந்தார்.